சம்பந்தி வீட்டுக்குப் போன ஆட்டுக்குட்டி

அன்பு மகள் அவிகாயிலுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், கழுதை இரண்டும் சுகம். அங்கே மொன்றியல் பனியில் நீயும் மாப்பிள்ளை எல்கானாவும் உன் வயிற்றில் உதைக்கிற சின்ன எஜமானரும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லியிருப்பேன், உன் அப்பா பக்கத்தில் நின்று அப்படி இல்லை இப்படி என்று குறுக்கே புகுவார், கடிதத்துக்குள் அவரால் புக முடியாது. எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே, தக்காளி பொறுக்கின கை இது. மிளகாய்த்தூள் பார்சலுக்குள் வைக்கிறேன், படிக்கும்போது கண் கலங்கினால் அம்மா ஞாபகம் என்று நினைத்துவிடாதே, மிளகாய்.

கழுதை இரண்டா என்று கேட்பாய். மல்கா ஈன்றுவிட்டாள். தலையீத்து, அதுவும் ஆண். மோசே காலத்துச் சட்டம் உனக்குத் தெரியும், ஆரோன் வம்சத்து ஆசாரியருக்கு ஓர் ஆட்டுக்குட்டி கொடுத்து அதை மீட்க வேண்டும், மீட்காதவன் அதன் கழுத்தை முறிக்க வேண்டும். உன் அப்பாவோ கோழி அறுக்கிற நாளில் தலைவலி என்று போர்த்திக்கொண்டு படுக்கிறவர். செய்தி கேட்டதும் நம் ஜெபஆலயத்து ரபி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். எத்தனையோ கல்யாணம் செய்துவைத்த மனுஷர், கழுதை மீட்பு மட்டும் பார்த்ததே இல்லையாம், குட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார். என் பிரசவத்துக்கெல்லாம் ஒருத்தரும் இப்படி ஓடி வந்ததில்லை.

சிக்கல் என்னவென்றால் நம் ஊரில் இருக்கிற ஒரே ஆசாரியர் உன் மாமனார் பின்ஹாஸ். உன் கல்யாண விருந்தில் கோதுமை ரவைக் கூஸ்கூஸ் ஆறிப்போன கதை இன்னும் ஆறவில்லையே. அவர் கையைத் தூக்கி ஆசீர்வாதத்தை இழு இழு என்று இழுத்ததும், உன் அப்பா யோவ் சம்பந்தி, ஆரோனே இவ்வளவு நேரம் எடுத்துக்கலய்யா, சாப்பாடு ஆறுது என்றதும், அந்தக் கூஸ்கூஸுக்கு இந்த ஆசீர்வாதமே அதிகம்யா என்று அவர் சொன்னதும், அன்றோடு பேச்சு நின்றதே. கூஸ்கூஸ் செய்தவள் நான், கோபப்பட வேண்டியவள் நான், நானே மறந்துவிட்டேன். ஆனால் இவர், ஜெபஆலயத்தில் பின்ஹாஸ் ஜனங்களை ஆசீர்வதிக்க ஏறினால் உடனே வெளியே போய்க் குழாயடியில் நிற்பார். அன்போடு ஆசீர்வதிக்கணும்னுதானே சட்டம், எம்மேல அன்பில்லாதவன் ஆசீர்வாதம் எனக்கு எதுக்கு என்பார். மழையிலும் நிற்பார், வீட்டுக்கு வந்து இருமுவார். இருமலுக்கு மருந்து இருக்கிறது, நீங்கள் பஸ்கா பண்டிகைக்கு வந்தால் எந்த வீட்டு மேசையில் உட்காருவீர்கள் என்பதற்கு என்னிடம் மருந்து இல்லை, அந்தக் கவலையில்தான் நான் இளைத்துப்போனேன், நம்பு.

இவர் விடவில்லை, வேறு ஆசாரியரைத் தேடினார். அஃபூலாவில் ஒருவர், நான் இருக்கறது நாலாம் மாடி, ஆட்டை எங்கய்யா கட்டறது என்றார். இன்னொருவருக்குக் கம்பளி ரோமம் பட்டாலே தும்மலாம். கடைசியில் உன் மாமியார் ஜாக்லினிடம் நான்தான் போய்ச் சொன்னேன். வருவாரு, ஆனா உங்க வீட்டுக்காரர்கிட்ட பேச மாட்டாராம் சம்பந்தியம்மா என்றாள். எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொல்றாரு, பாரு எவ்வளவு ஒற்றுமை என்றேன். கழுதைக்குட்டிக்கு என் ஜரிகைத் திரையைப் போர்த்தி, தலையில் ரோஜா வைத்தேன், ஊரே கைதட்டியது. உன் அப்பா கழுதையைப் பார்த்துக்கொண்டு ஆட்டைக் கொடுத்தார், உன் மாமனார் கில்போவா மலையைப் பார்த்துக்கொண்டு வாங்கினார்.

சாயங்காலமே ஆட்டுக்குட்டி நம் தொழுவத்தில் இருக்கிற தாயைத் தேடிக் கத்திக்கொண்டு நம் வாசலுக்கு வந்துவிட்டது. உன் அப்பாவுக்கு நடுக்கம், ஆசாரியர் சொத்து ஒரு ராத்திரி நம் தொழுவத்தில் இருந்தால் திருட்டு ஆகாதா. தூக்கிக்கொண்டு ஓடினார், எதிரே பின்ஹாஸ். உம்ம ஆடு என்றார் இவர். எங்க ஆடுதான் என்றார் அவர். அவ்வளவுதான் அன்றைக்கு. மறுநாளும் வந்தது. உம்ம ஆட்டுக்கு உம்ம வீடு பிடிக்கலையோ என்றார் இவர். அதுக்கென்னய்யா, சூடா சாப்பாடு கிடைக்கற வீடு பார்த்து ஓடுது என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. உன் அப்பா உள்ளே வந்து புதினா டீ போடு என்றார், இரண்டு டம்ளர். இப்போது தினமும் இரண்டு பேரும் பகடைப் பலகை விரித்து ஆட்டம். பிலேயாம் காலத்துல கழுதை பேசிச்சு, இப்ப கழுதை மனுஷனைப் பேச வைக்குது என்கிறார் பின்ஹாஸ். எத்தனை கழுதைன்னு எண்ணிச் சொல்லும் என்கிறார் உன் அப்பா. ஒன்று சொல்கிறேன், மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லாதே. ஆட்டுக்குட்டி நாலே நாளில் அந்த வீட்டுக்குப் பழகிவிட்டது. அதற்குப் பிறகு சாயங்காலமானால் ஜாக்லின் கயிற்றை அவிழ்த்து முதுகில் தட்டிவிடுவாள், நான் இங்கே கதவின் கொக்கியை எடுத்துவிட்டு ரொட்டியைக் காட்டுவேன்.

போன ஓய்வுநாளில் பின்ஹாஸ் ஆசீர்வதிக்க ஏறினார். உன் அப்பா பழக்கதோஷத்தில் எழுந்து வாசல்வரை போனார். பெண்கள் பக்கத்துத் திரை வழியாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஜாக்லின் என் கையை நசுக்கிவிட்டாள். பின்ஹாஸ் கையைத் தூக்கினவர் தொடங்கவில்லை, நின்றார். சபையில் இருமுகிறார்கள், அவர் நிற்கிறார். இவர் திரும்பி வந்து, ஜெபச் சால்வையைத் தலைமேல் இழுத்துவிட்டு, குனிந்து நின்றார். அதன் பிறகு தொடங்கினார் பார், உன் கல்யாணத்தைவிட இழுத்தார். வீட்டுக்கு வந்த உன் அப்பா, இன்னிக்கும் இழுத்துட்டான், சாப்பாடு ஆறிடுச்சு என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது, சூடு பண்ணவும் முடியாதே. ஆறின கூஸ்கூஸை இரண்டு தட்டு சாப்பிட்டார், வாயைத் திறந்து ஒரு குறை சொல்லவில்லை.

ஆகவே பஸ்காவுக்கு ஒரே மேசை, டிக்கெட்டைப் போடு. பிறப்பது பையனாக இருந்தால், தலைப்பிள்ளைக்கு எல்லாரும் கொடுக்கிற மீட்புச் செலவு அவனுக்குக் கிடையாது, ஆசாரியர் வீட்டுப் பிள்ளை, நம் குடும்பத்தில் மீட்கப்படுகிற பெருமை கழுதைக்கு மட்டும்தான். சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போல நீ வாழ வேண்டும், லேயாள் போல மங்கின கண் மட்டும் வேண்டாம், போனைப் பார்ப்பதைக் குறை. காதை மூடாமல் வெளியே போகாதே. மாமனாரிடம் ஆட்டைப் பற்றிக் கேட்காதே, பண்டிகைக்கு அறுக்கப் போறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, அந்தக் கம்பளி ஆட்டுக்குக் கம்பளிப் போர்வை வாங்கியிருக்கிறார்.

முத்தங்களுடன்,
கதவுக் கொக்கியைக் கவனித்துக்கொள்ளும்
உன் அம்மா ஃபோர்த்தூனா