குறைப்பதானால் கடனில் குறையுங்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் கடிதமே சொல்லிவிட்டது. எங்கள் சங்கம் தந்த உதவித்தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்தப் பருவத்தோடு படிப்பை நிறுத்தப் போவதாக எழுதியிருக்கிறாய். அதெல்லாம் நடக்காது.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். சலவைக்கூடத் தொழிலாளர் சங்கம் உன்னைத் தேர்ந்தெடுத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரிக்கே ஒரு நன்றிக் கடிதம் போட்டேன். எங்கள் சங்கமும் தருகிறது, நீங்களும் தருகிறீர்கள், நன்றாக இருங்கள் என்று. அதைப் படித்துவிட்டுத்தான் சங்கம் தந்த அதே தொகையைத் தங்கள் மானியத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். பெற்ற மகளைத் தானே காட்டிக்கொடுத்தவள் நான் ஒருத்திதான் என்று உன் அப்பா இரண்டு நாளாகச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். மறைத்து வைக்க அது என்ன திருட்டுப் பணமா?

உனக்குச் சொல்லாமல் நேற்று உன் கல்லூரிக்குப் போய் வந்தேன். சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். பஸ்ஸில் நான்கு மணி நேரம், பிறகு மூன்று மாடி. நிதி உதவிப் பிரிவில் கண்ணாடி போட்ட ஒரு எழுத்தர். மரியாதையான மனிதர்தான். "உங்க பொண்ணுக்கு இவ்வளவுதான் தேவைன்னு கணக்கு இருக்கும்மா. வெளியிலேர்ந்து பணம் வந்தா தேவை குறைஞ்சிடும்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நீ சாப்பாட்டைக் குறைத்து, புத்தகத்தை இரவல் வாங்கி, கல்லூரி மானியத்தோடு சேர்த்துத் தந்த கடனையும் தலையில் வைத்துக்கொண்டு படிப்பது அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது? "நாப்பத்தியோரு பொம்பளைங்க ஆஸ்பத்திரி விரிப்பை அலசி, சம்பளத்துல பிடிச்சுக் குடுத்த பணம் சார். அது எம் பொண்ணுக்கா, உங்க கல்லூரிக்கா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். விதி இருந்தால் காட்டுங்கள், எழுத்து பொடியாக இருந்தால் வாசித்துக் காட்டுங்கள் என்றேன். வேறு வழியில்லாமல் வாசித்தார். நான்காம் பக்கத்தில் இருக்கிறது மகளே: வெளி உதவி வந்தால் முதலில் கடனைக் குறைக்கலாம், மானியத்தில் கை வைக்க வேண்டியதில்லை, மாணவர் எழுத்தில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இதை ஏன் சொல்லவில்லை என்றேன். "யாரும் கேக்கறதில்லைம்மா" என்றார். கேட்காதவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் மூட்டை கட்டிப் போனார்களோ.

இத்துடன் மனு இருக்கிறது. இஸ்திரி மெஷினில் நிற்கும் சங்கத்து அக்கா எழுதித் தந்தாள். "குறைப்பதானால் கடனில் குறையுங்கள்" என்பதுதான் சாரம். கையெழுத்துப் போட்டு, இது கைக்கு வந்த அன்றே கொடு. படிப்பை நிறுத்தும் படிவத்தை வாங்கி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கிழித்துப் போடு.

இந்த மனுக்களைப் பார்க்கும் கல்லூரி உதவிக் குழு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுகிறதாம். இரவு ஷிப்ட் முடிந்த கையோடு பதினாறு பேர் என்னோடு பஸ் ஏறுகிறார்கள். துணி மாற்ற நேரமிருக்காது; நீலச் சட்டை, ரப்பர் செருப்போடுதான் வருவோம். உன் தோழிகள் யார் இவர்கள் என்று கேட்டால், தெரியாது என்று சொல்லிக்கொள். எனக்கு வருத்தமில்லை. கூட்டத்துக்கு நீ வர வேண்டாம். அந்த நேரம் உனக்குக் கணக்கு வகுப்பு. மாடியில் நாங்கள் என்ன சத்தம் போட்டாலும் எழுந்து வராதே, கண்ணு. நீ அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால் போதும், எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

நன்றாக இரு.

அசைந்து கொடுக்காத உன்
அம்மா