அப்பாவிடம் மிஞ்சிய ஒரே வார்த்தை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அதைக் கேட்டுத்தான் தினமும் முழங்கால் போடுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், இந்த முறை கை வரவில்லையம்மா. அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்ததிலிருந்து வீடு வீடாக இல்லை. அண்ணன் உனக்குச் செய்தி அனுப்பினான், நீ பார்த்துவிட்டாய் என்றும் சொன்னான், பதில் இல்லை. போனையும் நீ எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன், கோபம் வந்தாலும் கடைசிவரை படித்துவிடு.

அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லி அழ உன்னைவிட்டால் எனக்கு யார். அவ்வளவு பெரிய பம்ப் கம்பெனிக்கு முதலாளி, தொழிலதிபர் சங்கத்துக்குத் தலைவர், ஆனால் ஸ்க்ரூடிரைவர் நுனியை மோட்டாரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து பேரிங் சத்தம் கேட்பதை மட்டும் கடைசிவரை யாரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதே காதைக் கொண்டுபோய் சிறைக் கம்பிக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நிற்பார். கைதிகளுடைய பிள்ளைகளுக்கு விடுதி கட்டி ஊழியம் தொடங்கினபோது, இது ஆகிற காரியமா என்று சிரித்தவர்கள்தான் பின்னால் ஊழியக் குழுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து நகம் வெட்டிவிடுவார், சங்கத்துக்காரர்கள் தேடி வந்தால், கொஞ்சம் இருங்க, இன்னும் சில விரல் பாக்கி இருக்கு என்பார். திட்டத் தெரியாத மனிதர். கோபம் தலைக்கேறினால் மண்ணாங்கட்டி என்பார், அதற்கு மேலே அவர் ஏணியில் படி கிடையாது.

அப்படிப்பட்டவரைத்தான் அந்தப் பக்கவாதம் போட்டது. கம்பெனியில் காலை ஜெபத்தில் வாய் கோணி விழுந்தார். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் சில நாள் ஊமையாகக் கிடந்துவிட்டு, ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். ஸ்தோத்திரம் என்று வரும் என எதிர்பார்த்தேன். "சனியனே" என்றார். தண்ணீர் கேட்டாலும் சனியனே, வலித்தாலும் சனியனே, அண்ணனைப் பார்த்துச் சிரித்தாலும் அதுதான். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "பேச்சு இருக்கிற இடம் மூளையில அடிபட்டிருக்கும்மா, சிலருக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சும், எது மிஞ்சும்னு நம்ம கையில இல்ல, அவர் அந்த அர்த்தத்துல சொல்லல" என்றார். அர்த்தம் என்னவென்று எனக்குப் போகப்போகப் புரிந்தது. சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடி, நல்ல கையை நெஞ்சில் வைத்து, பழைய ஜெபத்தின் ராகம் மாறாமல் சனியனே சனியனே என்று சொல்லிக்கொண்டே போவார். நான் ஆமென் சொல்வேன். முதலில் சிரிப்பு வரும், அப்புறம் அழுகை வரும், அப்புறம் இரண்டும் நின்றுபோனது.

குழுவில் இருந்தவர்கள் ஒருமுறை வந்தார்கள். குழுச் செயலாளரைப் பார்த்த சந்தோஷத்தில் அப்பா அவர் கையைப் பிடித்து அந்த வார்த்தையைச் சொல்ல, மனுஷன் முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த தடவை ஒரு போதகரைக் கூட்டிவந்து, அசுத்த ஆவி பிடித்திருக்கிறது, துரத்த வேண்டும் என்று அப்பா தலையைப் பிடித்து உலுக்கிக் கத்தினார்கள். அப்பாவின் கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். அதோடு ஒருவரும் வரவில்லை, ஊழியத்துக்குக் கெட்ட பேர் என்றார்களாம். சிறையிலிருந்து வந்து நம் கம்பெனியில் சேர்ந்த வெல்டர் மட்டும் வாரம் தவறாமல் வந்து முகச்சவரம் செய்துவிட்டுப் போவார். "இதெல்லாம் ஒரு வார்த்தையாண்ணே, உள்ள நாங்க வணக்கம் சொல்றதே இத விட மோசமா இருக்கும்" என்பார். இந்த வீட்டில் அவர் வருகிற அன்றைக்கு மட்டும்தான் சிரிப்புச் சத்தம்.

ஒரு நாள் விடியற்காலையில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். நினைவு ஆராதனைக்கு அச்சடிக்கிற தாளைச் செயலாளர் கொண்டுவந்து காட்டினார். கடைசி மூச்சுவரை வேதத்தின் சங்கீதம் சொல்லிக்கொண்டே தேவனிடம் சேர்ந்தார் என்று போட்டிருந்தது. எடுத்துவிடுங்கள் என்றேன். "அக்கா, யாருக்கு என்ன நஷ்டம், ஜனங்களுக்கு ஒரு சாட்சி வேணும்ல" என்றார். எடுக்கவில்லை. ஆராதனையில் எல்லோர் கையிலும் அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் மைக்கைப் பிடித்து, அவர் சங்கீதம் சொல்லவில்லை, அவரால் ஒரு வார்த்தைதான் பேச முடிந்தது என்று அந்த வார்த்தையையும் சொன்னேன், அதை வைத்துத்தான் அவர் ஜெபம் பண்ணினார், நான் பக்கத்தில் இருந்தேன் என்றேன். போதகர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்லிவிட்டார். வாசலில் என் கையைக் குலுக்கக்கூட ஆள் இல்லை. கொஞ்ச நாளைக்கு விடுதிப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். உன் அண்ணனும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இனி உன் விஷயம். நீ உன் விருப்பப்படி கட்டிக்கொண்டு போனதிலிருந்து அவரும் பேசவில்லை, நீயும் பேசவில்லை. மாசமாக இருக்கிறாய், பயந்துவிடுவாய் என்று அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பதோடு அண்ணன் நிறுத்திக்கொண்டான். அதனால், "அப்பா, எனக்குப் பொண்ணு பொறந்திருக்காப்பா" என்று நீ கூப்பிட்டுச் சொன்னபோது, உன் காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான். நீ வைத்துவிட்டாய், பிறகு நான் கூப்பிட்டும் எடுக்கவில்லை. உன் இடத்தில் யாராக இருந்தாலும் வைத்திருப்பார்கள். ஆனால் நீ வைத்தது அவருக்குத் தெரியாது. அதற்கப்புறமும் அவர் உன்னோடு பேசிக்கொண்டே இருந்தார். அதே வார்த்தைதான், ஆனால் ஒன்று கேள்வியாக வந்தது, நீ பதில் சொல்ல இடம் விட்டு, தலையை ஆட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, மறுபடி கேட்டார். மூக்கு யார் மாதிரி, பால் குடிக்கிறாளா என்றுதான் கேட்டிருப்பார், தாத்தாக்கள் வேறென்ன கேட்பார்கள். கடைசியில் குரல் தணிந்தது. கண்ணை மூடி, பரீட்சைக்குப் போகும்போது உன் தலையில் கை வைத்துச் சொல்வாரே, அந்த ராகத்தில் நீளமாக உனக்கும் குழந்தைக்கும் ஜெபம் பண்ணினார். லைன் கட்டாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. உனக்குப் பதிலாக நான்தான் ஆமென் சொன்னேன்.

குழந்தைக்கு ஊசியெல்லாம் நேரத்துக்குப் போடு, நீயும் சாப்பிடு, தூக்கம் கெட்டால் பால் வற்றும். தேவன் உன் வீட்டையும் உன் மடியையும் ஆசீர்வதிப்பாராக. ஒரு தடவை போன் எடு. நீ பேச வேண்டாம், அவள் அழுதால் போதும், கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா