ஆற்றில் தெரிந்த தலை

அண்ணே,

இன்று காலை உங்கள் வீட்டிலிருந்து மைனி ஆபீசுக்கு வந்து உங்கள் மழைக்கோட்டைக் கேட்டார். கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கியது. எடுத்துக் கொடுக்கும்போது ஆற்றுச் சேறும் பீடியும் கலந்த உங்கள் வாடை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நீர்நாய் கணக்கெடுப்பின் முதல் வாரம் நினைவிருக்கிறதா? நான் ட்ரோனை விடுவேன். கம்ப்யூட்டர் திரையில் எதைச் சுற்றிப் பெட்டி போட்டுக் காட்டுகிறதோ, அது நீர்நாய்தானா என்று நீங்கள் கரையோடு நடந்து பார்த்துச் சொல்வீர்கள். கல்லிடைக்குறிச்சி படித்துறைக்கு மேலே போனதும் திரை முழுக்கப் பெட்டி. நான் துள்ளினேன். வாக்கிடாக்கியில் நீங்கள் சிரித்தீர்கள்.

"லே, அம்புட்டும் குளிக்க வந்த பெருசுக. முங்கி எந்திக்கிற தலையைப் பூரா எண்ணுதுலே ஒம் மிசினு."

மானம் போயிற்று. இரண்டு நாள் உட்கார்ந்து, தண்ணீரில் மனிதத் தலை தெரிந்தால் கண்டுகொள்ளாதே என்று அதைப் பழக்கினேன்.

"ஆளையும் காட்டட்டும்லே, வேற நிறத்துல. நான் பாத்துக் கழிச்சுக்கிடுதேன்."

"நீங்க ஒங்க வேலையைப் பாருங்கண்ணே" என்றேன்.

ஆற்றில் வெள்ளம் ஏறிய அன்று, கரை மரத்தில் கட்டிய கேமராவை அவிழ்க்கப் போன நீங்கள் திரும்பவில்லை. தீயணைப்புக்காரர்களை வைத்துக்கொண்டு ட்ரோனை விட்டேன். தூறல். பேட்டரி வேறு இறங்குகிறது. படத்தையா பார்த்தேன்? பழக்கதோஷம், பெட்டி விழுகிறதா என்றுதான் பார்த்தேன். ஆளைக் காட்டாதே என்று பழக்கியதே நான்தான் என்பது அந்தப் பதற்றத்தில் புத்தியில் ஏறவே இல்லை. "இங்கன இல்ல, கீழ போங்க" என்று அவர்களை அனுப்பிவிட்டேன். மறுநாள் சேரன்மகாதேவிப் பக்கம் உங்கள் உடல் கிடைத்தது.

ஒரு வாரம் கழித்து அந்தப் பதிவை வெறும் கண்ணால் ஓட்டினேன். நாணல் திட்டு ஓரமாக, மருதவேரைப் பிடித்தபடி, கழுத்தளவு தண்ணீரில் நீங்கள். உயிரோடு.

இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இன்று மைனி கோட்டை மடித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, ரொம்ப நேரம் தவிச்சாகளோ?"

"இல்ல மைனி. இழுத்த வேகத்துல உடனே முடிஞ்சிருக்கும்."

"அது போதும்யா" என்று ஆட்டோ ஏறிவிட்டார்.

உண்மையைச் சொன்னால் அவருக்கு மிச்சமிருக்கும் அந்த ஒன்றும் போய்விடும். சொல்லாமல் அவர் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? எனக்கு ஒன்றும் ஓடவில்லை, அண்ணே.

பதிவில் நீங்கள் பதறவே இல்லை. அண்ணாந்து பார்த்து ஒரு கையைத் தூக்கி ஆட்டுகிறீர்கள். ட்ரோனை ஓட்டுவது நான்தான் என்று உங்களுக்குத் தெரியும். அது உங்கள் தலைக்குமேல் வந்து ஒரு நிமிடம் நின்றது. பார்த்துவிட்டான் என்றுதான் நினைத்திருப்பீர்கள்.