பூசணி இல்லாத படையல்

சித்திரை 9, புதன்

மழை, விட்டுவிட்டு. காலை வேலை: மரத்தடியில் ஃபீஜோவா (கொய்யா மாதிரிப் பச்சைப் பழம்) பொறுக்கியது. ஒரு வாளி நிறைய. இந்தப் பழத்தை மரத்தில் பறிப்பதில்லை, விழ விழப் பொறுக்க வேண்டும். விட்டால் எலிக்கு.

இந்தக் கொப்பியில் இன்றுதான் தொடக்கம். பவளம் சொன்னாள்: "எழுத்துப் படிச்சாச்சு. இனிச் சும்மா ஆனா ஆவன்னா போட்டுக்கொண்டிராமல் சொந்தமா நாலு வரி எழுதுங்கோ. நான் திருத்தமாட்டன்."

மேலே இருக்கிற முதல் வரி என்னுடையது. மழை, விட்டுவிட்டு. வாசித்துப் பார்த்தேன். மீண்டும் வாசித்தேன். வெளியே மழை நின்றுவிட்டது, கொப்பியில் நிற்கவில்லை. எழுபது தாண்டிய ஒருவனுக்கு இப்படி ஒரு சந்தோசம் வரலாமா.

கை வலி. இனிமேல் ப. என்றால் பவளம், என் மனைவி.

சித்திரை 10, வியாழன்

வெயில், ஆனால் குளிர். நியூசிலாந்தில் சித்திரையில்தான் குளிர் தொடங்கும்.

பூசணிக் கொடி காய்ந்துவிட்டது. காய்களை அறுத்துக் கொட்டிலில் அடுக்கினேன். சாம்பல் நிறத் தோல், கல்லுப் போல. கத்தி ஏறாது. சீமெந்தில் போட்டு உடைத்தேன். உள்ளே மஞ்சளைப் பார்த்ததும் ப.வைக் கூப்பிடப் போனேன். பிறகுதான் நினைவு வந்தது, அவளால் எழும்பி வர முடியாது.

ப.வின் கட்டில் இப்போது ஹோலில், அடுப்படியைப் பார்த்தபடி. வயிற்றில் கட்டி. மருந்து நிறுத்தியாகிவிட்டது. ஆசுப்பத்திரிக் கதிரைகளில் காத்திருந்த நாட்களில்தான் எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தாள், அங்கே கிடந்த கடதாசிகளின் பின்பக்கத்தில். மருந்து ஏறிக்கொண்டிருக்கும், இவள் என் கையைப் பிடித்து ழானா எழுதுவிப்பாள்.

இப்போது நான் சமையல். கட்டிலில் கிடந்தபடி மூக்காலேயே நடத்துகிறாள். "வெந்தயம் கருகுது." "பால் விட்டாச்சோ? இப்ப விடாதேங்கோ."

பூசணியைப் பாற்கறியாக வைத்துக் கொண்டுபோனேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"உனக்கு என்ன வேணும், சொல்லு."

"இருக்கிறதை வையுங்கோ. பிறகு பாப்பம்."

பிறகு வரவில்லை.

சித்திரை 12, சனி

காலையில் கடைகள் பூட்டு. போரில் செத்தவர்களை நினைக்கிற நாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் சட்டையில் சிவப்புப் பூக் குத்திக்கொண்டு விடியவே போய் வந்தார். அவர் மரத்துப் பழம் என்று ஒரு பை கொடுத்தார். குவின்ஸ். பச்சையாகக் கடித்தேன், பல் கூசிவிட்டது. ஊறுகாய்க்கு ஆகும்.

பின்நேரம் மகன் சுதனோடு ஒடாஹுஹுக் கடைத்தெரு. வாங்கியது:
வாழைக்காய்
சேப்பங்கிழங்கு
குமரா (இனிப்புக் கிழங்கு, நம் வத்தாளங்கிழங்கின் தம்பி)
பயற்றங்காய், முற்றல், ஆனால் வேறு இல்லை
தேங்காய்

கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே நடந்தேன். ஒரு தமிழ்க் கடையில் மட்டும் தமிழ். "புதிய முருங்கைக்காய்" என்று சத்தமாக வாசித்தேன். கடைக்காரர் மலேசியாக்காரர். "ஐயா, அது போன வாரத்து போர்டு, காய் முடிஞ்சு போச்சு" என்றார். இல்லாத காயையும் வாசிக்க முடிகிறது!

காரில் சுதன், "அப்பா, அம்மா சாப்பிடாமல் எவ்வளவு நாளைக்குத் தாங்குவா?" என்றான். சேப்பங்கிழங்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன்.

சித்திரை 14, திங்கள்

நேர்ஸ் வந்தாள். வாட்டசாட்டமான சமோவாப் பிள்ளை. ப.வைத் தூக்கிச் சரிக்கும்போது தன் பாட்டியைத் தூக்குவது போலத் தூக்குகிறாள். போகும்போது வாசலில் வைத்துச் சுதனிடம் சொன்னதை அவன் தமிழில் சொன்னான்: சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பசி போவது கடைசியில் வருகிற ஒன்று. இனி நாட்கணக்குத்தான்.

நான் பூசணி ரசம் மாதிரி ஒன்று, மிளகு போட்டு. வாசம் வீடெல்லாம். ப. கண்ணை மூடிக்கொண்டாள்.

பேத்தி அனு வெளியே விளையாடிவிட்டு வந்து சட்டியைத் திறந்து பார்த்தாள். "பம்கின் அகெய்ன்?"

ப. கட்டிலில் கிடந்தபடி சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று சொல்லவில்லை.

சித்திரை 17, வியாழன்

நாளைக்குச் சித்திரா பூரணை. தாயில்லாதவர்கள் விரதம் இருக்கிற நாள். அம்மா போன காலம் தொட்டு நான் விடவில்லை. மத்தியானம் வரை பட்டினி, அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்து, காகத்துக்கு ஒரு பிடி வைத்து, பிறகு சாப்பாடு. ஒக்லாந்தில் காகம் இல்லை. மைனாதான் வரும். அம்மா மைனாவாக வரட்டும்.

அம்மாவுக்குப் பூசணி என்றால் உயிர். கலியாணம் முடித்த ஆண்டிலிருந்து இந்தப் படையலை ப.தான் சமைத்தாள். இந்த முறை நான் தனியே.

நாளைய கறிகள்: பூசணி, வாழைக்காய், பயற்றங்காய், சேம்பு, குமராப் பிரட்டல், தக்காளிக்காய் (பழுக்காது, குளிர் வந்துவிட்டது), ஃபீஜோவாச் சம்பல்.

எழுதி ப.விடம் காட்டினேன். கண்ணாடி போடாமலே பார்த்தாள்.

"வடிவான எழுத்து" என்றாள்.

மத்தியானம் முழுக்க அந்தச் சொல்லோடு திரிந்தேன். இதை எழுதும்போதும் சிரிக்கிறேன். அவள் அந்தப் பக்கம் முனகிக்கொண்டு கிடக்கிறாள், நான் இங்கே சிரிக்கிறேன்.

சித்திரை 18, வெள்ளி. பூரணை

மழை இல்லை. எழுத்துக் கோணல்.

விடிய முழுகினேன். பூசணியைத்தான் முதலில் அடுப்பில் வைத்தேன். இறக்கி மூடினபோது சுதன் அடுப்படிக்கு வந்தான். இன்றைக்கு லீவு போட்டிருந்தான். தேத்தண்ணி நீட்டினேன். வேண்டாம் என்றான்.

"ஏன்?"

"இண்டைக்கு நானும் விரதம், அப்பா."

"ஆருக்கு?"

"அம்மாவுக்கு."

அகப்பை கையிலிருந்து விழுந்தது. தாய் உயிரோடு இருக்கிறவன் இந்த நாளில் விரதம் பிடிப்பதென்றால் என்ன அர்த்தம். வாயிலும் எடுக்க முடியாது. கத்திவிட்டேன்: "தாய் மூச்சோடை கிடக்கிறாளடா! இப்பவே கொள்ளி வைக்கப் போறியோ?"

மருமகள் மீனா ஓடி வந்தாள். மதுரைப் பிள்ளை. "நான்தான் மாமா இருக்கச் சொன்னேன். அத்தைக்கு உடம்பு தேறணும்னு. நானும் இருக்கேன். எங்க ஊர்ல இன்னிக்குத் திருவிழா மாமா, நல்ல நாள். விரதம் இருந்தா புண்ணியம்னுதான் சொல்வாங்க."

சுதன்: "நீங்கள் ஒவ்வொரு வருசமும் அம்மாவுக்கெண்டு பிடிக்கிறியள். அம்மாவுக்காகப் பிடிக்கிற விரதம் எண்டுதான் நான் நினைச்சன். ஒருத்தரும் சொல்லித் தரேல்லையே."

உண்மைதான். ஒருவரும் சொல்லவில்லை. சிறுவயதில் இங்கே வந்தவன். இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்.

வீடு சின்னது. ஹோலிலிருந்து குரல்: "ஆர் விரதம்?"

சுதன் குனிந்து அகப்பையைப் பொறுக்கினான்.

"சுதன், இஞ்சை வா. மீனா, நீயும் வா. என்னைப் பாடையிலை ஏத்திப்போட்டோ நிக்கிறியள்?"

மீனா அழத் தொடங்கிவிட்டாள். "தெரியாம செஞ்சுட்டேன் அத்தை."

"அழாதை. என்ன இறக்கியிருக்கு?" இது எனக்கு.

"பூசணி மட்டும்தான்."

"கொண்டாங்கோ."

நின்றேன். படைக்கும் முன் வாய் வைத்தால் எச்சில். இந்தச் சட்டி அம்மாவுக்குரியது. ஒரு நாளும் நான் தவறவிட்டதில்லை. ப. என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

கொண்டுபோனேன்.

சோறு இல்லை, வெறும் கறி. விரலால் ஒரு துண்டு எடுத்தாள். வாயில் வைத்தாள். இத்தனை நாள் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்காத தொண்டை. மென்றாள். கண்ணால் தண்ணீர் வந்தது. விழுங்கினாள். பிறகு மீதியைப் பிசைந்து சுதன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"திற. விழுங்கு. தாயின்ரை கையாலை, தாய் திண்ட மிச்சம். இப்ப சொல்லு, உனக்கு என்ன விரதம்?"

நாற்பது வயதுக்காரன், குழந்தை மாதிரி விழுங்கினான்.

"எனக்கும், அத்தை" என்று மீனா முழங்காலில் இருந்தாள்.

"உன்ரை அம்மாவும் மதுரையிலை கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறா. திற வாயை."

அழுதுகொண்டே இரண்டு பேரும் சிரித்தார்கள். ப. களைத்துப் படுத்துவிட்டாள்.

படையலில் பூசணி வைக்கவில்லை. எச்சில் அல்லவா. மற்றக் கறிகளோடு படைத்தேன். அம்மாவிடம் காரணத்தைச் சொன்னேன். மைனா வந்தது, சேம்பை விட்டுவிட்டு ஃபீஜோவாச் சம்பலைத் தின்றது.

ப. சாப்பிட்டாள்! அம்மாவுக்கு வைத்த பூசணியை. இனித் தினமும் வைப்பேன்.

சித்திரை 19, சனி

குளிர். சூரியன் உண்டு, சூடு இல்லை.

பூசணி அவித்து நன்றாகக் கடைந்து, நெய் விட்டுக் கொண்டுபோனேன். வாயை இறுக்கிவிட்டாள்.

"நேற்றுச் சாப்பிட்டியே."

"கொப்பியை எடுங்கோ" என்றாள். குரல் மிகச் சின்னதாகிவிட்டது. காதைப் பக்கத்தில் வைக்க வேண்டும். "எழுதுங்கோ. எனக்குப் படைக்கிறது."

"விசர்க் கதை கதையாதை."

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து உங்கடை அம்மாவுக்குப் படைச்சவள் நான். எனக்கு என்ன வைப்பியள் எண்டு எனக்குத் தெரிய வேண்டாமோ?"

"பூசணி. வேறை என்ன."

சிரித்தாள். இருமல் வந்தது. தலையை உயர்த்திப் பிடித்தேன்.

"எனக்குப் பூசணி பிடிக்காது."

"எப்ப தொடக்கம்?"

"எப்பவும். கறியெண்டால் உறைக்க வேணும். இது இனிக்குது, தூ. உங்கடை அம்மாவுக்கு விருப்பம், உங்களுக்கு விருப்பம். நான் இதுக்குள்ளை என்னத்தைச் சொல்லுறது?"

"நேற்று?"

"அது பிள்ளைக்கு. அந்த ஒரு துண்டை விழுங்க நான் பட்ட பாடு!"

ஊரில் நட்டேன். இங்கே வந்தும் வீட்டுக்கு வீடு மாறும்போதெல்லாம் முதலில் நட்டது பூசணி. இந்த ஒரு மாதமாக இவள் மூக்குக்கு முன்னால் அதையே காய்ச்சியிருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மடையன் போல இருந்தேன்.

"எழுதுங்கோ, களைக்குது."

"சொல்லு."

"கணவாய்க் கறி. நல்ல உறைப்பா."

"படையலிலை கணவாயோ?"

"எட்டாம் நாள், எட்டுக்கு வைக்கலாம். செத்தவைக்கு என்ன சைவம்?"

கணவாய். எழுதினேன்.

"சிப்ஸ்."

"என்னது?"

"மூலையிலை இருக்கிற மீன் கடைச் சிப்ஸ். வினாகிரி விட்டு. அனுவைப் பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு வரேக்கை நாங்கள் ரெண்டு பேரும் வாங்கித் தின்னுறனாங்கள். உங்களுக்குச் சொல்லேல்லை. நீங்கள் மரக்கறி எல்லாம் வீட்டிலை கிடக்க எண்டு தொடங்குவியள்."

சிப்ஸ். வினாகிரி. எழுதினேன்.

பிறகு நானே போனேன். இங்கே கிளென் ஈடனில் இத்தனை காலம் குடியிருந்தும் அந்தக் கடைக்குள் நுழைந்ததில்லை. சூடு போகாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். நெஞ்சு சுட்டது. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கடிக்கவில்லை, உப்பையும் புளிப்பையும் உறிஞ்சினாள். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம்.

"வினாகிரி காணாது. இன்னும் விட்டிருக்க வேணும்" என்றாள்.

எனக்கு அப்படிச் சந்தோசம்.

மிச்சத்தை அனுவும் நானும் தின்றோம். நன்றாகத்தான் இருக்கிறது.

சித்திரை 21, திங்கள்

மழை. ப. கண் திறக்கவில்லை. நேர்ஸ் வந்து போனாள். பருத்தியை நனைத்து உதட்டில் வைக்கச் சொன்னாள். நான் வினாகிரியில் ஒரு துளி தொட்டு வைத்தேன். உதடு அசைந்தது. அசைந்த மாதிரி.

ஃபீஜோவா பொறுக்கவில்லை.

சித்திரை 23, புதன்

நேற்று, மத்தியானத்துக்கு முன்.

அடுப்பு மூட்டவில்லை. சனங்கள் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். த்ரீ கிங்ஸ் பக்கம் இருக்கிற பரமேஸ் அக்கா, ப.வின் கோயில் சிநேகிதி, பூசணிக் கறி. சுதனோடு வேலை செய்கிற பொடியனின் வீட்டிலிருந்து பூசணிச் சாம்பார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பூசணி சூப், பாணோடு. எல்லார் தோட்டத்திலும் இப்போது அதுதான் காய்க்கிறது.

மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். சிரிப்பு வந்தது. திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன், அவளிடம் சொல்ல. கட்டிலைக் கொண்டுபோய்விட்டார்கள். தரையில் நாலு கால் அடையாளம்.

சித்திரை 29, செவ்வாய். எட்டு

வெயில். காற்று.

அவளுக்குப் பிடித்ததைப் படைக்கிற நாள். கணவாய் நானே வெட்டினேன், நானே காய்ச்சினேன். மிளகாய்த்தூள் இரண்டு பங்கு. மீனா அருகில் நின்று தும்மிக்கொண்டே, "போதும் மாமா, போதும்" என்றாள். போதாது.

பரமேஸ் அக்கா வந்து இலையைப் பார்த்தார். "என்ன இது, பூசணி எங்கை? அந்த மனிசி வாழ்நாள் முழுக்க உங்கடை பூசணியோடைதானே நிண்டவ. கொட்டில் நிறையக் கிடக்கு. ஒரு துண்டாவது வையுங்கோ."

வேண்டாம் என்றேன்.

"ஏன் அண்ணை?"

"அவவுக்குப் பிடிக்காது."

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். துக்கத்தில் கதைக்கிறேன் என்று நினைத்திருப்பார். மீனா அவரை மெல்ல அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

சுதனும் அனுவும் மூலைக் கடைக்குப் போயிருக்கிறார்கள். ஓடி வரச் சொல்லியிருக்கிறேன், ஆறக் கூடாது. இலையில் அதற்கு இடம் விட்டிருக்கிறது. வினாகிரிப் போத்தல் என் கையில்.

இந்த முறை காணும், பவளம்.