காலி என்று எழுதிய வரி

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் சின்ன மக பார்லிமெண்ட்ல இருக்கா" என்கிறாள். பெரிய மகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

நீ கேட்ட கோப்பு மூன்று வாரமாக என் மேசையில்தான் இருந்தது. கிடைக்கவில்லை என்று இரண்டு முறை சொன்னேனே, அது பொய். பார்லிமெண்டில் நம் மாநிலத்துக்கு இருக்கும் இரண்டு இடங்களை ஒன்றாகக் குறைக்கும் மசோதா வியாழக்கிழமை வருகிறது. பழைய வரலாறு கையில் இல்லாமல் நீ தடுமாறுவாய் என்று தெரிந்தேதான் பூட்டி வைத்தேன். தடுமாறட்டும் என்றிருந்தது.

எனக்குப் பொறாமை. மூடி மறைக்க என்ன இருக்கிறது? இன்று நீ இருக்கும் இடத்தில் அப்பா இருந்த பன்னிரண்டு வருஷமும் அவர் பேச்சையெல்லாம் எழுதிக் கொடுத்தவள் நான். நீ அப்போது பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தாய். அவர் போன பிறகு வீட்டுக்கு வந்த கட்சிக்காரர்கள், நான் கொண்டுவந்து வைத்த காப்பியைக் குடித்துக்கொண்டே உன் பெயரைச் சொன்னார்கள். பெரியவளுக்கு விவரம் உண்டு, ஆனால் சின்னவளுக்குத்தான் முகராசி என்றார்கள். அன்று பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை.

நம் மாநிலத்திலிருந்து பார்லிமெண்டுக்குப் போனவர்களைப் பற்றி நான் எழுதிய புத்தகம் அச்சுக்குப் போயிருக்கிறது. கடைசிப் பக்க அட்டவணையில், உன் பெயர் வரவேண்டிய வரியில், 'காலி' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பிழை திருத்துகிறவர் நேற்று ஃபோன் செய்தார்.

"காலின்னு போட்டிருக்கீங்க. அங்க உங்க தங்கச்சிதானே இருக்காங்க?"

கை தவறிவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் மேலே கேட்கவுமில்லை.

ஃபோனை வைத்துவிட்டு அட்டவணையை முதலிலிருந்து படித்தேன். ஆரம்பத்தில் பதினெட்டு வருஷம் நமக்கு ஒரே ஆள்தான். அவருக்கும் சபையில் பேசத்தான் உரிமை, ஓட்டுப் போட முடியாது. ஓட்டில்லாதவர் பேச்சை யார் கேட்பார்கள்? ஆளில்லாத பெஞ்சுகளைப் பார்த்தே நாற்பத்தொரு முறை பேசியிருக்கிறார். அவர் விடாமல் பேசியதால்தான் ஓட்டு வந்தது, அப்புறம் இரண்டாவது இடமும் வந்தது. அதில்தான் அப்பா உட்கார்ந்தார், இப்போது நீ. உன் மேலிருந்த ஆத்திரத்தில் அந்த இடத்தையே காலி என்று எழுதிவிட்டேன். வியாழக்கிழமை அவர்கள் எழுத நினைப்பதும் அதைத்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கோப்போடு வியாழக்கிழமைக்கான பேச்சையும் எழுதி வைத்து உன் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை சாயங்காலம் உன் கைக்கு வந்துவிடும். பேச்சின் மூன்றாம் பக்கத்தை மட்டும் அவசரமாகப் படிக்காதே. உனக்குப் பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கும். சிவப்புக் கோடு போட்ட இடத்தில் நிறுத்தி, எதிரே இருப்பவர்களைப் பார். அப்பா அப்படிப் பார்த்ததும் சபை அடங்கிப்போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் பேச்சிலும் அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்தவள் நான்தான்.

அச்சகத்துக்குப் போய்ப் பிழையைத் திருத்திவிட்டேன். உன் பெயரை முழுசாக எழுதி, அதற்குக் கீழே, அடுத்து வருகிறவருக்காக ஒரு வரியை வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். அந்த வரியைக் காப்பாற்றிக் கொடு, தாயே. நன்றாக இரு. என்றாவது அதில் என் பெயர் ஏறினால், உனக்கும் கொஞ்சம் வயிறு எரியட்டும்.

இப்படிக்கு,
உன்னை விட்டுக்கொடுக்க முடியாத
அக்கா