மூன்று கட்டை போட்ட பேனா டார்ச்

முப்பிடாதி,

நேற்று சாயங்காலம் கரண்டு போன நேரத்தில் மாடியிலிருந்து நான் அடித்த பேனா டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து, விடிந்துவிட்டது என்று கோபுரத்துப் புறா அத்தனையும் திருவேங்கடம் ஊர்ப் பக்கம் இரை தேடக் கிளம்பிவிட்டன. சங்கரன்கோவிலில் இதை நம்பாத ஒரே ஆள் நீதான்.

இரண்டு பேட்டரிக் கட்டை டார்ச்சில் குழாயை நீட்டி மூன்று கட்டை போட்டேன். உன் குழிக்கரண்டியை வெட்டி ரிப்ளெக்டர் வைத்தேன். பல்பு ஒரு நொடி சூரியனாக எரிந்து பியூஸ் போய்விட்டது. மறுபடி அடித்துக் காட்ட முடியாதது என் குற்றமா? கட்டின பெண்டாட்டி, பக்கத்தில் நின்றுகொண்டே, “ஒண்ணும் தெரியல, சும்மா அளக்காதீய” என்று சொல்லிவிட்டாய். ரிட்டயரான மனுஷனுக்கு வீட்டில் ஒரு சாட்சிகூடக் கிடையாதா?

புது பல்பு வாங்க பஜாருக்குப் போகிறேன். ரசம் அடுப்பு மேல் இருக்கிறது. கோயிலிலிருந்து வந்ததும் சாப்பிடு, எனக்காகக் காத்திருக்காதே.

இன்னொன்று: டார்ச் ஸ்பிரிங் ஒன்று தரையில் எங்கேயோ கிடக்கிறது. பார்த்துக் காலை வை.

செல்லப்பா

(அடியில், முப்பிடாதி எழுதியது)

புறா பறந்ததை நானும்தான் பார்த்தேன். ஒத்துக்கிட்டா நாளைக்கே பெரிய டார்ச்சையும் பிரிச்சிருவீயன்னுதான் சொல்லல.