இடுப்பளவு மண்

பேரையூர்

அன்பு மகள் தமிழ்வாணிக்கு,

அப்பா சோணைமுத்து எழுதிக்கொள்வது. நானும் உன் தம்பி சித்தார்த்தும் நலம். அப்படி எழுதித்தான் பழக்கம், எழுதிவிட்டேன். போனில் நீ அழுதால் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். அம்மா சாவுக்கு நீ வர முடியாததை இங்கே யாரும் குறையாகப் பேசவில்லை.

இன்னும் மழை இல்லை. சித்தார்த் மதுரை காளவாசலில் அந்த ஸ்கூட்டர் கடைக்கு மறுபடி வேலைக்குப் போகிறான். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் நன்றாக விற்கிறதாம். அந்த மோட்டாரில் இருக்கிற காந்தத்துக்குத்தான் நம் காட்டு மண் வேண்டுமாம்.

அந்தக் கருப்பு மண்ணை வைத்து உன் அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். சர்வே ஆட்கள் வந்தபோது அவளே ஒரு சொம்பு நிறைய அள்ளிக் கொடுத்தாள். எம் மக ஜெர்மனியில இதத்தான் படிக்கிறா என்று சொன்னாள். அவளுக்கு அம்புட்டுப் பெருமை. கொஞ்ச நாளில் காட்டைச் சுற்றி வேலி வந்தது. பட்டா நம் பேரில்தான். உழுதுகொள்ளலாம், ஆனால் ஆழமாகத் தோண்டக் கூடாது, ஒரு பிடி மண் வெளியே போகக் கூடாது, அடியில் இருப்பது அரசாங்கத்துக்கு என்றார்கள். அன்றைக்கே அம்மா பாத்திரத்துக்குச் சோப்புத்தூள் வாங்கிவரச் சொன்னாள்.

அவள் ஆசை உனக்குத் தெரியும். நம் வகையறாவில் எல்லோரும் அடுத்தவர் காட்டில் உழைத்து ஓடைக்கரையில் புதைந்தவர்கள். சொந்தக் காட்டில் படுக்கிற முதல் ஆள் நானாத்தான் இருக்கணும் என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னாள். அதனால் மதுரையிலிருந்து கொண்டுவந்ததும் காட்டில்தான் குழி வெட்ட ஆரம்பித்தோம்.

வேலிக் காவலுக்கு இருக்கும் சுடலை ஓடி வந்தான். நல்லவன்தான், அவன் வேலை அது. அவன் போன் செய்து அதிகாரி ஜீப்பில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவைக் கும்பிட்டார். பிறகு, குழி தோண்ட மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும், நாளாகும் என்றார். சித்தார்த் சத்தம் போட்டான். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

கடைசியில் அவரே, இடுப்பளவு மட்டும் தோண்டிக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே போனால் என் வேலை போய்விடும் என்றார். முடியும்வரை நின்று பார்த்தார். வெட்டிய மண் முழுவதையும் திரும்பப் போடச் சொன்னார். இடுப்பளவில்தான் உன் அம்மாவை வைத்தோம். நாய் கிளறாமல் இருக்க மேலே கருவேல முள் வெட்டிப் போட்டிருக்கிறேன். பால் ஊற்றப் போன அன்று சுடலை எங்கள் பெயரை எழுதிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான்.

இப்போது பொங்கல் கழித்து மிஷின் இறங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதிகாரியிடம் போய்க் கேட்டேன். முதலில் மேல் மண்ணை மட்டும்தான் வழிப்பார்கள் என்றார். எம்புட்டு ஆழம் என்றேன். தனக்குத் தெரியாது என்றார்.

உனக்குத் தெரியும். அவர்கள் வழிப்பது இடுப்பளவு ஆழம் வரைக்கும் வருமா, அதற்கு மேலேயே நின்றுவிடுமா? வரும் என்றால் நானும் சித்தார்த்தும் முன்னாலேயே அவளை எடுத்து ஓடைக்கரைக்குக் கொண்டுபோய்விடுகிறோம். அதற்கும் தோண்டத்தான் வேண்டும், அனுமதி கேட்டுப் பார்க்கிறேன். கொடுக்காவிட்டாலும் எடுப்போம். அப்பா மனசு நோகுமே என்று பொய் எழுதிவிடாதே.

குளிருக்கு நல்ல துணி போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. இந்தப் படிப்பை மட்டும் வெறுத்துவிடாதே. அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்த படிப்பு. நீ நன்றாக இருக்க வேண்டும். பொங்கலுக்கு முன்னால் பதில் போடு தாயி.

இப்படிக்கு
உன் அப்பா
சோணைமுத்து